நைனாவுக்கு நான் பாதுகாவலர்

காரைக்கால்
12-7-1959

அன்புள்ள நைனாவுக்கு,

வேணி எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, சாப்பாட்டைத் தவிர.

நேற்று சந்திரகலாவிடமிருந்து கடிதம் வந்தது. என்னோடு கல்லூரியில் படித்தவள், நெல்லித்தோப்பில் இருக்கிறாள். நம் வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்டாளே, அவள்தான். ஊர்ச் செய்தியெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: “உங்கள் அப்பாவைக் காலையில் தொழிற்பள்ளி வாசலில் பார்த்தேன். காக்கி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பையன்களோடு வரிசையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முன்னால் நின்றவன் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொண்டார். எல்லாரும் நலம்தானே?”

அந்த ‘நலம்தானே’ என்னைத் தூங்கவிடவில்லை. உங்களை நான் வேட்டியில் பார்த்திருக்கிறேன். கடலுக்குப் போகும்போது கோவணத்தில் பார்த்திருக்கிறேன். அரைக்கால் சட்டையில் நினைத்துப் பார்க்கப் பார்க்க, சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. போன கடிதத்தில் ‘மூட்டு வலி தேவலாம்’ என்று மட்டும் எழுதினீர்கள். அம்மாவும் ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றால் வீட்டில் ஏதோ நடக்கிறது என்றுதான் அர்த்தம்.

பள்ளியில் என் குரல் இன்னும் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. பின்வரிசைப் பெண்கள் எனக்குக் ‘காத்து டீச்சர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாய் அசைவது தெரிகிறதாம், காற்றுதான் வருகிறதாம்.

உண்மையை எழுதுங்கள்.

உங்கள் மகள்,
கமலவேணி


வைத்திக்குப்பம், புதுச்சேரி
18-7-1959

வேணிக் கண்ணுக்கு நைனா எழுதிக்கிறது.

உன் கூட்டாளிக்கு நல்ல கண்ணு. அவ பார்த்தது நெசம்தான். சட்டையும் நெசம். பள்ளிக்கூடத்துல குடுத்தது. என் அளவுக்கு இல்லன்னு ரெண்டைப் பிரிச்சு ஒண்ணா தச்சாங்க.

என் மூட்டு இனிமே மடங்காதுன்னு பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. கட்டுமரத்துல மண்டி போடாம எப்படித் துடுப்பு போடுறது? நின்னா அலை தூக்கி எறிஞ்சிடும். மாசி மாசத்துலேருந்து நான் கடலுக்குப் போகல. கரையில நின்னுகிட்டு, போறவனுக்கெல்லாம் புத்தி சொல்லிட்டு இருந்தேன். ஒருத்தனும் கேக்கல.

அப்பதான் சர்க்காரு யந்திரப் படகு கட்ட ஒரு பட்டறை போடுறாங்கன்னு சேதி வந்துச்சு. போய் அங்க இருந்த ஆபீசர்கிட்ட வேலை கேட்டேன். “எத்தினியோ கட்டுமரம் கட்டியிருக்கேன் முசே”ன்னேன். “சர்டிபிகேட் இருக்கா?”ன்னாரு. “மிதக்குதே, அதான் சர்டிபிகேட்டு”ன்னேன். நல்லா சிரிச்சாரு. சிரிச்சிட்டுக் கதவைச் சாத்திட்டாரு.

அந்த சர்டிபிகேட்டை நெல்லித்தோப்புத் தொழிற்பள்ளியில குடுக்குறாங்கன்னு தெரிஞ்சுது. அங்க தச்சு வகுப்புக்குப் பன்னெண்டு பேரு சேர்ந்தாத்தான் வகுப்பே நடக்குமாம். பதினோரு பேருதான் தேறுனாங்க. ஆசாரிப் புள்ளைங்க ‘எங்கப்பன்கிட்ட இல்லாததையா இங்க கத்துக்கப் போறோம்’னு வரல. மத்தவங்க ‘ஆசாரி வேலை நமக்கெதுக்கு’ன்னு வரல. வாத்தியாரு பேரு ராமலிங்கம். உன்னைவிட நாலு வயசு பெரியவரு, அவ்வளவுதான். வகுப்பு இல்லன்னா அவருக்கும் வேலை இல்ல. வாசல்ல நின்னு தெருவுல போறவங்களை எல்லாம் ஏக்கமா பார்த்துட்டு இருந்தாரு. நான் போய் “வயசு வரம்பு இருக்குதா?”ன்னு கேட்டேன். “கீழ்வரம்பு எழுதியிருக்காங்க பெரியவரே. மேல்வரம்பு எழுத மறந்துட்டாங்க”ன்னு சொல்லி, நான் மனசு மாறுறதுக்குள்ள கையைப் புடிச்சு உள்ள இழுத்துட்டாரு.

முதல் நாள் பேரு கூப்பிட்டாங்க. “காசிலிங்கம்!” எழுந்து நின்னு “ப்ரெசான்!”னு கத்துனேன். பிரெஞ்சுக்காரன் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் படிச்ச படிப்பு, அதுவா வாயில வந்துடுச்சு. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. இப்ப மொத்த வகுப்பும் ‘உள்ளேன் ஐயா’வை விட்டுட்டு ப்ரெசான்தான் சொல்லுது.

உங்கம்மா மீன்கூடையைத் தலையில வச்சுக்கிட்டு, “சட்டை போட்டாச்சா? பென்சிலு எடுத்தாச்சா? வழியில யாரோடயும் சண்டை போடாம போ ராசா”ன்னு குப்பம் பூரா கேக்குற மாதிரி சொல்லி அனுப்புறா.

இதோட ஒரு தாள் வச்சிருக்கேன். ஒவ்வொரு பையனுக்கும் தகப்பனோ பாதுகாவலரோ கையெழுத்துப் போடணுமாம். “எங்கப்பன் செத்து இருபது வருஷம் ஆச்சு முசே”ன்னு முதல்வர்கிட்ட சொன்னேன். “அப்ப பாதுகாவலர்”ன்னாரு. “என் பொஞ்சாதி சொர்ணம்”னேன். “எழுதப் படிக்கத் தெரியுமா?”ன்னாரு. “திட்டத் தெரியும்”னேன். “வீட்டுல படிச்சவங்க யாருமே இல்லையா?”ன்னாரு.

அங்கதான் நீ மாட்டிக்கிட்ட.

பட்டதாரிப் பொண்ணுக்கு அரைக்கால் சட்டை அப்பன்னு நாலு பேரு சொல்லுவாங்களேன்னுதான் எழுதல. வேற ஒண்ணும் இல்ல.

காசிலிங்கம்


காரைக்கால்
2-8-1959

அன்புள்ள நைனாவுக்கு,

தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ‘மாணவருக்குப் பாதுகாவலர் என்ன உறவு’ என்ற இடத்தில் பேனா வெகு நேரம் நின்றுவிட்டது. கடைசியில் ‘மாணவர் என் தந்தை’ என்று முழு வாக்கியமாக எழுதினேன். எழுதிவிட்டுத் தலைமையாசிரியை பார்த்துவிடப் போகிறாரே என்று மையொற்றுத் தாளை வைத்து மூடினேன்.

வெட்கம் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சந்திரகலாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, ‘ஆமாம், நலம்தான். நைனா படிக்கிறார்’ என்று எழுதினேன். எழுதி முடித்ததும் வெட்கத்தைக் காணோம். அந்த வாக்கியம் அவ்வளவு நன்றாக இருந்தது.

‘மாணவரின் வருகைக்கும் ஒழுக்கத்துக்கும் நான் பொறுப்பேற்கிறேன்’ என்றும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே, தயவுசெய்து, வகுப்பில் சுருட்டு வேண்டாம்.

கமலவேணி


வைத்திக்குப்பம்
25-10-1959

வேணிக்கு,

மார்க்குத் தாளு வந்திருக்குது. பார்த்துட்டுத் திட்டாத. தொழில் கணக்குல அம்பதுக்குப் பதினொண்ணு. ‘முக்கால் அங்குலப் பலகையில அரைக்கால் அங்குலம் இழைச்சா மீதி எவ்வளவு?’ இது ஒரு கேள்வியா? இழைச்சுப் பார்த்தாத் தெரியப்போவுது.

வரைபடமும் வரல. மூலைமட்டம்னு ஒண்ணு குடுத்திருக்காங்க, மூலை நேரா இருக்குதான்னு பார்க்க. கட்டுமரத்துல எங்க இருக்குது நேர் மூலை? நான் செஞ்ச பொட்டி தெக்குப் பக்கமா சாய்ஞ்சு நிக்குது. “காத்து எந்தப் பக்கம் பெரியவரே?”ன்னு கேக்குறாரு வாத்தியாரு.

ஆனா கழுந்து எனக்கு நல்லா வருது. ஒரு கட்டையில துளை போட்டு, இன்னொரு கட்டையோட மொனையைச் சீவி அதுக்குள்ள விடுறது. கச்சிதமா உக்காருது. அத்தோட விட்டுடலாம். விட மாட்டேங்குறாங்க. வச்சிரம்னு ஒரு பசை. அதைக் காய்ச்சித் தடவி ஒட்டணுமாம். அந்த நாத்தத்துக்கு நம்ம வீட்டுக் கருவாடு சந்தனம். நாத்தத்தைக்கூட விடு. ஒட்டிட்டா அப்புறம் பிரிக்க முடியாதே! நம்ம கட்டுமரத்தைக் கரைக்குக் கொண்டாந்ததும் என்ன பண்றோம்? கயித்தை அவுத்து, கட்டை கட்டையா பிரிச்சு, வெயில்ல போடுறோம். மரம் குடிச்ச தண்ணியைக் கக்கணுமில்ல? ராத்திரியில கட்டோட கெடக்குற மரம் ஊறிச் செத்துடும்னு எங்கப்பன் சொல்லிச் சொல்லி வளர்த்த கையி இது. சாயங்காலம் மணி அடிச்சா, நான் ஒண்ணும் நெனைக்கிறதில்ல. கை தானா போயி, செஞ்சதை எல்லாம் பிரிச்சு வரிசையா வச்சிட்டு வந்துடுது. காலையில வாத்தியாரு வந்து தலையில அடிச்சுக்கிறாரு. “பெரியவரே, பொட்டி செய்யச் சொன்னேன். வெறகு செய்யச் சொல்லல!”

கையெழுத்துப் போட்டு அனுப்பு.

காசிலிங்கம்


காரைக்கால்
15-11-1959

அன்புள்ள நைனாவுக்கு,

மார்க்குத் தாளில் ‘பாதுகாவலர் கருத்து’ என்ற கட்டத்தில் ‘கவனிக்கப்படும்’ என்று எழுதியிருக்கிறேன். எனவே கவனியுங்கள்.

மீன் விற்றதும் பங்கு போடுவீர்களே, அதே கணக்குதான். ஓர் அங்குலத்தை எட்டுப் பங்காகப் போடுங்கள். முக்கால் என்பது அதில் ஆறு பங்கு. அரைக்கால் என்பது ஒரே ஒரு பங்கு. அந்த ஒருவன் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மீதி ஐந்து. எட்டில் ஐந்து பங்கு. விடை அவ்வளவுதான். பங்கு போடும்போது உங்களை யாராவது ஏமாற்ற முடியுமா? பலகை மட்டும் ஏமாற்றிவிடுமா?

உங்களுக்கு எழுதியதையே மறுநாள் என் வகுப்பிலும் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பெண்கள் கிளிஞ்சல்மேட்டிலிருந்து வருகிறவர்கள், மீனவர் வீட்டுப் பிள்ளைகள். “கட்டுமரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு” என்று ஆரம்பித்தேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, “வலை கிழிஞ்சிருந்தா அரைப்பங்குதான் டீச்சர்!” என்றாள். “எங்க ஊர்ல அப்படி இல்லை!” என்று இன்னொருத்தி பாய்ந்தாள். வகுப்பு சந்தையாகிவிட்டது. என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் முதல் தடவையாக, “கேக்கல டீச்சர், சத்தமா சொல்லுங்க” என்றார்கள். நாலாவது வரிசை வரைக்கும் போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

தேர்வில் மட்டும் தயவுசெய்து ஒட்டிவிடுங்கள். பெட்டி கடலுக்குப் போவதில்லை.

கமலவேணி


வைத்திக்குப்பம்
26-6-1960

வேணிக்கு,

நான் பெயிலு. மத்த பதினோரு பேரும் பாஸு.

கணக்குல முப்பத்தெட்டு வாங்குனேன். அதுக்குக் கொறை இல்ல. செய்முறைதான். ரெண்டு நாள் பரீட்சை, ஒரு ஸ்டூல் செய்யணும். முதல் நாளே எல்லாக் கழுந்தும் உக்காந்துடுச்சு. வாத்தியாரு தூரத்துலேருந்து பார்த்துச் சிரிச்சாரு. காலையில வந்து ஒட்டிக்கலாம்னு இருந்தேன். மணி அடிச்சுது.

மீதி உனக்கே தெரியும்.

மறுநாள் பரீட்சைக்காரரு பஸ்ஸைப் புடிக்கணும்னு மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்துட்டாரு. நான் ஓடிப் போறேன், என் மேசை மேல நாலு காலு, நாலு சட்டம், ஒரு பலகை. தனித்தனியா, சுத்தமா, வரிசையா. “ஸ்டூல் எங்க?”ன்னாரு. “இதோ முசே, செத்த நேரம் குடுங்க”ன்னேன். “முடிச்ச வேலைக்குத்தான் மார்க்கு”ன்னு எழுதிட்டுப் போயிட்டாரு.

அடுத்த பரீட்சை வர்ற வருஷம்தான். படகுப் பட்டறையில தீவாளிக்குள்ள ஆளு எடுத்துடுவாங்க. அவ்வளவுதான். பேசணும்னா பாதுகாவலரை நேர்ல வரச்சொல்லுன்னாரு முதல்வர். நீ எங்க பேசப் போற? பஸ் கண்டக்டர்கிட்ட டிக்கெட்டு கேக்கவே வாய் வராது உனக்கு.

நான் இனிமே போகல. சட்டையை உங்கம்மா அடுப்புத் துணிக்கு எடுத்துக்கிட்டா.

காசிலிங்கம்


காரைக்கால்
30-6-1960

நைனாவுக்கு,

சட்டையை அம்மாவிடமிருந்து வாங்கித் துவைத்துக் காயப்போடவும். சனிக்கிழமை வருகிறேன்.

கமலவேணி


வைத்திக்குப்பம்
10-7-1960

வேணிக் கண்ணு,

பஸ்ஸு நல்லபடியா போய்ச் சேர்ந்துச்சா? நீ ஏறிப் போனதிலேருந்து வீட்டுல ஒரே பேச்சுதான். ஒரு விஷயம் மட்டும் கேக்கணும். முதல்வர் ரூமுக்குள்ள நீ என்னதான் பேசுன?

நானும் உங்கம்மாவும் கதவுகிட்டயேதான் நின்னோம். முதல்வர் பேசுனதுதான் கேட்டுச்சு. “முடியாதும்மா”ன்னாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் காணோம். “வயசானவருங்கிறதுக்காக நாங்க ஒதுக்கலம்மா, தப்பா நெனைக்கக் கூடாது”ன்னாரு. மறுபடி ஒண்ணும் காணோம். “சரி, பரீட்சை எடுத்தவரு அவசரப்பட்டாரு, ஒத்துக்கிறேன்”னாரு. அப்புறம், “அந்தப் பன்னெண்டாவது ஆளு இல்லன்னா வகுப்பே நடந்திருக்காதுதான். நான் மறக்கல”ன்னாரு. கடைசியில நாற்காலியைப் பின்னால தள்ளுற சத்தம். “செப்டம்பர்ல மறுதேர்வு வைக்கச் சொல்லி நானே எழுதுறேம்மா. போதுமா?”

உங்கம்மா என் கையைக் கிள்ளி ரத்தம் வரவச்சுட்டா. “பாரு, சத்தமே வெளிய வராம எப்படிப் பாயிண்டு பாயிண்டா வைக்குது எம்பொண்ணு! வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்”னா. இப்ப மார்க்கெட்டு பூரா தெரியும். மீனு வாங்க வர்றவங்ககிட்ட “எம்பொண்ணு பேசுனா பெரிய பெரிய ஆபீசரே எழுந்து நிக்கிறாரு”ன்னு சொல்லித்தான் எடையே போடுறா.

சட்டை காயுது. நாளைக்குப் போறேன்.

காசிலிங்கம்


காரைக்கால்
17-7-1960

அன்புள்ள நைனாவுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

என்ன பேசவேண்டும் என்பதைச் சிதம்பரத்தில் ஆரம்பித்து, கடலூர் தாண்டும் வரை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். உள்ளே போனதும் தொண்டை ஒட்டிக்கொண்டது, உங்கள் வச்சிரம் போட்ட மாதிரி. அவர் ‘முடியாதும்மா’ என்றார். சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வரத்தான் நினைத்தேன். எழவும் வரவில்லை. அவர் மேசையில் தாள்கள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள்ளே ஒரு நீலப் பூ இருக்கிறது. அவர் ஒன்று சொல்வார், நான் பூவைப் பார்ப்பேன். அவருக்குத்தான் அந்த மௌனம் தாங்கவில்லை. நான் கேட்க நினைத்ததை ஒவ்வொன்றாக அவரே சொல்லி, அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். வயதை நான் இரண்டாவதாக வைத்திருந்தேன், அவர் முதலிலேயே எடுத்துவிட்டார். பன்னிரண்டாவது ஆள் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

‘போதுமா’ என்று கேட்டபோது தலையை ஆட்டினேன். என் வாதம் முழுவதும் அதுதான். வணக்கம் சொல்வது வெளியே வந்த பிறகுதான் வாயில் வந்தது. அதை வாசலில் சுவரொட்டி தின்றுகொண்டிருந்த ஆடு வாங்கிக்கொண்டது.

அம்மா மீன் எடை போடுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் செப்டம்பரில் என்னால் மறுபடி போய் உட்கார முடியாது. ஒட்டுங்கள்.

கமலவேணி


வைத்திக்குப்பம்
25-9-1960

வேணிக்கு,

ஒட்டிட்டேன். பாஸ்!

முதல் நாள் சாயங்காலம் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே உங்கம்மா வந்துட்டா. கூடையோட பள்ளிக்கூட வாசல்ல நின்னு, “யோவ்! ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு வெளிய வா! எதையும் தொடாத!”ன்னு கத்துறா. ராமலிங்கம் வாத்தியாரு ஒரு பக்கம், என்னோட படிச்சு அப்பவே பாஸான பசங்க ரெண்டு பேரு ஒரு பக்கம், கைதியைக் கூட்டிக்கிட்டு வர்ற மாதிரி வெளிய கொண்டாந்தாங்க. எல்லாத்துலயும் வச்சிரம் தடவி இறுக்கிட்டுத்தான் வந்தேன், இனிமே பிரிக்க நெனைச்சாலும் முடியாதுன்னு சொன்னா எவனும் நம்பல.

அதே பரீட்சைக்காரருதான். ஸ்டூலை ஆட்டுனாரு, கவுத்துப் பார்த்தாரு, ஏறி உக்காந்தாரு. “பிரியாதே?”ன்னாரு. “பிரியாது முசே. எனக்கே வருத்தமாத்தான் இருக்குது”ன்னேன். அன்னைக்குப் பட்டறை ஆபீசரு சிரிச்சிட்டுக் கதவைச் சாத்துனாரு. இவரு சிரிச்சிட்டு மார்க்குப் போட்டாரு.

சர்டிபிகேட்டைப் பார்த்துட்டுப் படகுப் பட்டறையில எடுத்துக்கிட்டாங்க, திங்கக்கிழமை வேலைக்குப் போறேன். அங்க நீட்டுக்கால் சட்டை.

காசிலிங்கம்


காரைக்கால்
4-10-1960

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலைமையாசிரியை அறையில் நின்றுகொண்டே படித்தேன். அவர் “என்ன விசேஷம்?” என்று கேட்டார். “என் அப்பா தச்சுத் தேர்வில் பாஸ்” என்றேன். தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

தொழிற்பள்ளியிலிருந்து எனக்கும் ஒரு தாள் வந்தது. பயிற்சி முடிந்ததால் பாதுகாவலரின் பொறுப்பும் முடிகிறதாம். கொஞ்சம் வருத்தமாக இருந்தது. உங்களைக் கண்டிக்க எனக்கு இனி ஒரு காரணமும் இல்லை.

பட்டறை எப்படி இருக்கிறது? எழுதுங்கள். அந்த வேலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

கமலவேணி


வைத்திக்குப்பம்
19-3-1961

வேணிக் கண்ணு,

இத்தினி நாளு எழுதாததுக்குக் கோவிச்சுக்காத. முதல் படகு முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சுது.

அரியாங்குப்பத்து ஆத்துல தண்ணியில எறக்குனோம். குப்பமே வந்து வேடிக்கை பார்த்துச்சு. பெரிய சத்தம், புகை. “இது மீனைப் புடிக்குமா, பயமுறுத்துமா?”ன்னு கேட்டான் உங்க சித்தப்பன் வைத்திலிங்கம். கேட்டுட்டு, அவன் பையனைத் தொழிற்பள்ளியில சேர்க்க என்ன பண்ணணும்னு காதோரமா விசாரிச்சான்.

கடல்ல ஓட்டிப் பார்க்க நாலு பேரு ஏறுனாங்க. பலகைச் சந்துல எங்கனா தண்ணி கசியுதான்னு பார்க்க ஒரு தச்சன் வேணும்னாரு மேஸ்திரி. நான் முன்னால போயி நின்னேன். உங்கம்மா கரையிலேருந்து, “யோவ், மூட்டு! மூட்டு!”ன்னு கத்துறா. யந்திரச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலன்னு வச்சுக்கோ.

முகத்துவாரம் தாண்டி முதல் அலை வந்துச்சு. என் உடம்பு தானா மண்டி போடப் பார்த்துச்சு. மூட்டு மடங்கல. பயந்துட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, இந்தப் படகுல மடங்கவே வேணாம். ஒரு கையால விளிம்பைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அலை வந்துச்சு, போச்சு. நான் நின்னுகிட்டே இருந்தேன்.

பொறந்ததிலேருந்து கடலைப் பார்க்குறேன் வேணி. உள்ள போயி, நின்னுகிட்டுப் பார்த்ததே இல்ல. மண்டி போட்டா அடுத்த அலைதான் தெரியும். நின்னா அவ்வளவு தூரம் தெரியுது! நீ படிச்சவ, உனக்குச் சொல்லத் தெரியும். எனக்குச் சொல்லத் தெரியல.

கரைக்கு வந்ததும் மேஸ்திரி ஓடி வந்தாரு. “என்னய்யா, எங்கனா கசியுதா?”

நான் எங்க பார்த்தேன்? குனிஞ்சே பார்க்கல.

“நாளைக்கும் ஒருக்கா போயிப் பார்த்துட்டுத்தான் சொல்லணும் மேஸ்திரி”ன்னேன்.

காசிலிங்கம்